யாரும் கெடுக்கவில்லை

(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு மனிதரின் பாலீர்ப்பு எதனால் அமைகிறது என்பது இன்றைய தலைப்பு. ஒருவர் மனம் ஆணை நாடுகிறது, ஒருவர் மனம் பெண்ணை நாடுகிறது, சிலர் மனம் இருவரையுமே நாடுகிறது. இது எங்கிருந்து வருகிறது? கோவில்பட்டியில் இதை மேடை போட்டுப் பேச வேண்டுமா என்று சிலர் தயங்கியதாக அறிந்தேன். இங்கேதான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கழனியூரனோடு சேர்ந்து ‘மறைவாய்ச் சொன்ன கதைகள்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தவர். சனங்கள் தங்களுக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொண்ட பாலியல் கதைகளை அவர் ஒளிக்காமல் அச்சேற்றினார். உடம்பையும் ஆசையையும் பற்றிப் பேச நமக்குச் சொல் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கி.ரா. 2021 மே 17ஆம் தேதி காலமானார். மே 17 என் துறையான மனநல மருத்துவத்திலும் நினைவில் நிற்கும் நாள். 1990இல் அதே தேதியில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து விட்டுவிட்ட புதிய வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே அதை நீக்கிவிட்டது. கி.ரா. மறைந்து மூன்று வாரத்தில், 2021 ஜூன் 7 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அந்த உத்தரவிலிருந்து தொடங்குகிறேன்.

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20, ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போய்விட்டார்கள். இரு வீட்டாரும் பெண்ணைக் காணவில்லை என்று மதுரையில் புகார் கொடுத்தார்கள். காவல்துறை விசாரிக்க வந்ததும் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. இந்தப் பொருளில் தமக்கே முன்முடிவுகள் இருக்கின்றன, அவற்றோடு தீர்ப்பு எழுதக் கூடாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். இருவரும் வயதுக்கு வந்தவர்கள், தங்கள் விருப்பப்படி வாழ்கிறவர்கள் என்று தெரிந்ததும் காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும் என்றும், பாலீர்ப்பை ‘மருத்துவம் செய்து மாற்றும்’ முயற்சிகள் கூடாது என்றும் அந்த உத்தரவு சொல்லியது. அறிவுள்ள ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொள்ள அமர்ந்தார். அதற்காகவே அந்த உத்தரவை நம் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம்.

என் மனத்தை விட்டு அகலாதவர்கள் அந்தப் பெண்களின் பெற்றோர். அவர்களையும் உளவியலாளர் சந்தித்தார். இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் காலமெல்லாம் தனியாக இருந்துவிடுவதே கௌரவம் என்று அவர்கள் கருதியது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. கொடியவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வட்டாரத்தில் மனநல மருத்துவம் பார்க்கிறவன் நான். இதே பேச்சைப் பேசும் பெற்றோரை அறிவேன். மகனையோ மகளையோ வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கேட்பார்கள்: “யாரு டாக்டர் எம் பிள்ளையக் கெடுத்தது?”

ஆள் யாரென்று அவர்களே முடிவு செய்துகொண்டும் வந்திருப்பார்கள். ஆஸ்டல்ல சேர்த்தோம், அங்கதான் ஆரம்பிச்சுது. செல்போன் வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு. மில்லுக்குப் போற எடத்துல ஒருத்தி சேர்ந்தா, அவதான் மாத்திட்டா. யாரோ செய்வினை வச்சிட்டாங்க. இத்தனையும் பேசி ஓய்ந்த பிறகு அப்பா அம்மாவைப் பார்த்து, “எல்லாம் நீ குடுத்த செல்லம்” என்பார். அந்தத் தாய் பதில் சொல்லாமல் முந்தானையைப் பிசைந்துகொண்டிருப்பார்.

அவர்கள் கேட்பது காரணம். தேடுவது ஒரு குற்றவாளியை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஆராய்ச்சியைப் படித்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது இதுதான்: அப்படி ஒரு குற்றவாளி இல்லை. யாரும் கெடுக்கவில்லை.

மேலே போவதற்கு முன் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆணா பெண்ணா என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் உணர்வு ஒன்று. அவர் மனம் யாரை நாடுகிறது என்பது வேறொன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்து மந்தித்தோப்பில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து மாடு வளர்க்கும் திருநங்கையரை உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கும் திருநர் இடஒதுக்கீட்டுக்கும் பாடுபட்ட கிரேஸ் பானு இந்த மாவட்டத்துக்காரர். அவர்களுடையது முதல் கேள்வி. நான் இன்று பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஓர் ஆணை விரும்பும் ஆண், தன்னை முழு ஆணாகவே உணரலாம். பெரும்பாலும் அப்படித்தான் உணர்கிறார். நடை உடை பாவனையை வைத்தும் எதையும் முடிவு கட்ட முடியாது. கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. வேடம் அவர்களுடைய கலை. தன்பாலீர்ப்பாளர், திருநர், பால்புதுமையர் போன்ற சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கேட்டுக்கொண்டதன் பேரில் உருவான பட்டியல் அது. தெருவில் புழங்கும் இழிசொற்களுக்குப் பதிலாக இவற்றை மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் தாயின் மீதான பழி. இது நம் ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. படித்த உலகம் நீண்ட காலம் இதை அறிவியலாகவே நம்பியது. நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் பீபர் குழுவினர் 1962இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மகனை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாய், விலகி நிற்கும் தந்தை, இந்த இரண்டும் சேர்ந்தால் மகன் தன்பாலீர்ப்பாளன் ஆவான் என்று அது வாதிட்டது. அவர்கள் ஆராய்ந்தது உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டுமே. வலியோடு மருத்துவரிடம் வந்தவர்களை வைத்து வராத லட்சம் பேரைப் பற்றி முடிவு சொன்னார்கள். அதற்கு முன்பே, 1957இல், ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் சிகிச்சைக்கு வராத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 வேறுபாலீர்ப்பு ஆண்களையும் ஒரே உளச்சோதனைகளுக்கு உட்படுத்தி, முடிவுகளைப் பெயரில்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1981இல் ஆலன் பெல், மார்ட்டின் வைன்பர்க், சூ ஹாமர்ஸ்மித் மூவரும் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சுமார் 1,500 பேரைப் பேட்டி கண்டு எழுதிய நூல் தாய் தந்தை வளர்ப்புக்கும் பாலீர்ப்புக்கும் சொல்லத்தக்க தொடர்பைக் காணவில்லை. தந்தை விலகி நின்ற குடும்பங்கள் சில இருந்திருக்கலாம். மகன் மற்றப் பையன்களைப் போல இல்லையே என்று சங்கடப்பட்டு விலகிய தந்தையாகவும் அவர் இருந்திருக்கலாம் அல்லவா? விளைவைக் காரணமாகப் படித்துவிட்டு எத்தனை தாய்மாரை அழவைத்துவிட்டார்கள்.

வளர்ப்பின் சக்தியைச் சோதிக்க வேண்டுமென்றால், ஓர் ஆண் குழந்தையைச் சிறு வயதிலிருந்தே பெண்ணாக வளர்த்துப் பார்க்க வேண்டும். மனசாட்சியுள்ள யாரும் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். ஆனால் அது நடந்திருக்கிறது. கனடாவில் 1965இல் பிறந்த இரட்டையரில் ஒருவர் டேவிட் ரைமர். கைக்குழந்தையாக இருக்கும்போது சுன்னத்து அறுவையில் நேர்ந்த விபத்தில் உறுப்பை இழந்தார். ஜான் மணி என்ற புகழ்பெற்ற உளவியலாளரின் ஆலோசனைப்படி அறுவை செய்து, பெண் பெயர் வைத்து, பாவாடை கட்டி, பெண் பிள்ளையாகவே வளர்த்தார்கள். வளர்ப்பு வென்றுவிட்டது என்று ஜான் மணி உலகுக்கு அறிவித்தார். அந்தப் பிள்ளையோ ஒருநாளும் அந்த வாழ்க்கையில் பொருந்தவில்லை. பதின்வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். ஒரு பெண்ணை மணந்தார். 2004இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பிறவிக் குறைபாட்டினாலோ விபத்தாலோ இப்படிப் பெண்ணாக வளர்க்கப்பட்டு, வளர்ந்த பின் பாலீர்ப்பும் பதிவான ஆண்கள் ஏழு பேரை மைக்கேல் பெய்லியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பில் திரட்டிக் காட்டினார்கள். ஏழு பேரின் நாட்டமும் முதன்மையாகப் பெண்களை நோக்கியே இருந்தது. பெயர், உடை, அறுவை, ஊர் முழுவதும் சேர்ந்து நடத்திய வளர்ப்பு இவையெல்லாம் கூடியும் ஓர் ஆணின் ஈர்ப்பைத் திருப்ப முடியவில்லை. அப்படியிருக்க, ஒரு தாய் கொடுத்த செல்லம் திருப்பிவிடுமா?

அடுத்து விடுதி. பஞ்சாலை விடுதியும் கல்லூரி விடுதியும் நிறைந்த ஊர் இது. ஒரே பாலினத்தவர் சேர்ந்து தங்குவதால் இது ‘தொற்றிக்கொள்கிறது’ என்ற அச்சம் இங்கே உண்டு. பிரிட்டனில் 1990–91இல் ஏறத்தாழ 19,000 பேரிடம் ஒரு பெரிய பாலியல் கணக்கெடுப்பு நடந்தது. உறைவிடப் பள்ளியில் படித்தவர்களிடம் இளவயதில் தன்பால் அனுபவம் சற்றுக் கூடுதலாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்கள் துணை தேடியதில் அந்த வேறுபாடு இல்லை. பாப்புவா நியூகினியில் மானுடவியலாளர் கில்பர்ட் ஹெர்ட் ‘சாம்பியா’ என்று பெயரிட்டு எழுதிய சமூகத்தில் எல்லாச் சிறுவர்களும் சடங்காகவே சில ஆண்டுகள் தன்பால் உறவுக்கு உட்படுத்தப்பட்டார்கள். வளர்ந்ததும் மிகப் பெரும்பாலோர் பெண்களை மணந்து பெண்களையே விரும்பி வாழ்ந்தார்கள். சூழ்நிலை ஒருவரின் செயலைச் சில காலம் மாற்றலாம். உள்ளே இருக்கும் நாட்டத்தை அது உண்டாக்குவதில்லை.

சரி, யாரும் கெடுக்கவில்லை என்றால் எப்படித்தான் வருகிறது?

உறுதியான தடயங்கள் பிறப்புக்கு முந்திய காலத்தைச் சுட்டுகின்றன. ரே பிளான்சார்டும் ஆந்தனி போகார்ட்டும் 1996இல் எழுதிய கட்டுரை ஒரு விசித்திரமான கணக்கைக் காட்டியது. ஓர் ஆணுக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்கள் எத்தனை பேரோ, அத்தனைக்கு ஏற்ப அவர் தன்பாலீர்ப்பாளராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஓர் அண்ணனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நூற்றுக்கு இரண்டு என்றிருந்தால் அது இரண்டரைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். நாலு அண்ணன் உள்ள வீட்டில் யாரும் பதற வேண்டியதில்லை. 2006இல் போகார்ட் இன்னொன்றைக் காட்டினார். அதே தாய்க்குப் பிறந்து வேறெங்கோ வளர்ந்த அண்ணன்களும் கணக்கில் சேர்கிறார்கள். கூடவே வளர்ந்த மாற்றாந்தாய் மக்களும் தத்துப் பிள்ளைகளும் சேர்வதில்லை. அப்படியானால் காரணம் வீட்டுத் திண்ணையில் இல்லை, கருப்பையில் இருக்கிறது. ஆண் சிசுவுக்கே உரிய ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் அடுத்த ஆண் சிசுவின் மூளை வளர்ச்சியைத் தொடக்கூடும் என்பது கருதுகோள். 2018இல் இதற்கு ஆதரவான இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. இந்த அண்ணன் கணக்கின் அளவைப் பற்றி அண்மையில் புள்ளியியலாளர்கள் சிலர் கடுமையான கேள்விகள் எழுப்பியிருக்கிறார்கள். விவாதம் நடக்கிறது. தன்பாலீர்ப்பாளர் எல்லாரையும் இது ஒன்றே விளக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

பரம்பரையின் பங்கை அறிய இரட்டையரைப் பார்க்கிறார்கள். 1991இல் பெய்லியும் பில்லார்டும் செய்த ஆய்வில் ஒருகரு இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் மற்றவரும் அப்படி இருப்பது 52 விழுக்காடு, இருகரு இரட்டையரில் 22 விழுக்காடு என்று வந்தது. விளம்பரம் கொடுத்துச் சேர்த்தவர்கள் என்பதால் எண்ணிக்கை உயர்ந்திருக்கலாம். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில் ஒருகரு ஆண்களில் அது 20, பெண்களில் 24 விழுக்காடாகக் குறைந்தது. சுவீடனின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, மரபின் பங்கை ஆண்களில் 34 முதல் 39 விழுக்காடு, பெண்களில் 18, 19 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

இந்த விழுக்காட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவரின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு மரபணு, மீதி வளர்ப்பு என்று பத்திரிகைகள்கூட எழுதிவிடுகின்றன. கரிசல்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டிருக்கிறோம். ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, இதன் உயரத்தில் விதை தந்தது எவ்வளவு, மழை தந்தது எவ்வளவு என்று கேட்டால் விடை கிடையாது. இரண்டும் இல்லாமல் செடியே இல்லை. காடு முழுவதும் பார்த்து, செடிக்குச் செடி உயரம் மாறுகிறதே, அந்த மாற்றத்தில் விதை வேறுபாட்டால் வந்தது எவ்வளவு என்று கேட்டால் கணக்குப் போடலாம். இந்த ஊர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பருத்தி, சோளம், கம்பு வகைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விழுக்காடு காட்டைப் பற்றியது, செடியைப் பற்றியது இல்லை. அப்புறம், விதை நீங்கலான மீதியெல்லாம் விவசாயியின் கைவேலையா? மேகம் எந்தப் புஞ்சையில் இறங்கியது, கரிசல் வெடிப்பு எந்த வேருக்கு அருகில் ஓடியது என்பதெல்லாம் அந்த மீதியில்தான் சேரும். மனிதர் விஷயத்திலும் மரபு நீங்கலான மீதியில் கருப்பையில் சுரந்த இயக்குநீர், மூளைச் செல்கள் வளர்ந்த தற்செயல், இன்னும் பெயரிடாத எத்தனையோ அடக்கம். பெற்றோர் வளர்த்த விதம் அதில் இருப்பதற்குத்தான் சான்று கிடைக்கவில்லை.

மரபணுவையே நேராகத் தேடியவர்களும் உண்டு. 1993இல் டீன் ஹாமர் எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனையைச் சுட்டியபோது ‘தன்பாலீர்ப்பு மரபணு’ கிடைத்துவிட்டதாக உலகம் பரபரத்தது. 2019இல் ஆண்ட்ரியா கன்னா குழுவினர் 4,70,000க்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை ஆராய்ந்து அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அப்படி ஒற்றை மரபணு கிடையாது. தெளிவாகத் தொடர்புள்ள இடங்களாக ஐந்து கிடைத்தன. ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்து, வேறுபாட்டில் 8 முதல் 25 விழுக்காட்டை விளக்கக்கூடும். ஒருவரின் இரத்தத்தைப் பார்த்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்லவே முடியாது. அந்த ஆய்வு முதன்மையாகக் கேட்டது, எப்போதாவது தன்பால் உறவு கொண்டதுண்டா என்ற கேள்வியை. அதன் மையக் கணக்கு ஈர்ப்பைப் பற்றியது இல்லை. பங்கெடுத்தவர்களும் ஐரோப்பிய வம்சாவழியினர். நம் மக்களின் மரபு அந்தக் கணக்கில் இல்லை.

விலங்குகளிலிருந்தும் ஒரு செய்தி. வேம்பூர் நமக்குத் தூரமில்லை. வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த பொட்டு ஆடு அந்த ஊர்ப் பெயரால்தான் நாடெங்கும் அறியப்படுகிறது. பொலிகிடா தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு, பெட்டையை நாடாத கிடா பெரிய நட்டம் என்று தெரியும். அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கவனித்தார்கள். பருவத்துக்கு வந்த பெட்டையும் கிடாவும் முன்னால் நிற்கும்போது, ஏறத்தாழ 8 விழுக்காடு கிடாக்கள் கிடாவையே நாடின. சார்லஸ் ரோசெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் அவற்றின் மூளையை ஒப்பிட்டபோது, ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதி மற்றக் கிடாக்களுக்கு இருப்பதைவிடச் சிறியதாக இருந்தது. ஆட்டுக்கு ஒத்தது மனிதருக்கும் அப்படியே ஒக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சினிமாவும் கூடாநட்பும் எட்டாத உயிரிடத்திலும் இது இருக்கிறது என்பதை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. ஆராய்ச்சி ஆண்களையே சுற்றிவந்தது. அண்ணன் கணக்கு பெண்களுக்குப் பொருந்துவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காணவில்லை. கருவில் ஆண் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கும் ஓர் அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டோடு பிறந்த பெண்களில் தன்பாலீர்ப்பு சற்றுக் கூடுதல். அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்களையே விரும்புகிறார்கள். லிசா டைமண்ட் என்ற உளவியலாளர் 79 பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2008இல் ஒரு நூல் எழுதினார். தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரைப் பலர் காலப்போக்கில் மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் முயன்று மாற்றினோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தானே நகர்ந்தது என்றார்கள். ஒருவரின் ஈர்ப்பு வாழ்நாளில் அசையலாம் என்பதையும், பிறர் தள்ளி அதை அசைக்க முடியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, பிறவியிலேயே வருகிறது, பாவம் என்ன செய்வார்கள், பொறுத்துக்கொள்வோம் என்று சிலர் நினைக்கலாம். அந்த இரக்கம் எனக்கு அச்சத்தைத் தருகிறது. கருவிலேயே கண்டுபிடிக்கும் ஒரு சோதனை நாளைக்கு வருமானால் என்ன செய்வோம்? தென் மாவட்டங்களில் பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதை இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. ஸ்கேன் வந்ததும் கருவிலேயே தேடிக் கலைத்தோம். 1994இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. காரணம் தெரிந்தால் அன்பு வந்துவிடும் என்பதற்கு நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை. நாளைக்கே பாலீர்ப்பு முழுக்க முழுக்க ஒருவர் தேர்ந்துகொள்வது என்று நிரூபணமானாலும், பிறருக்குத் தீங்கில்லாமல் இருவர் மனமொத்து வாழும் உரிமை அதனால் குறையாது. மதத்தை நாம் தேர்ந்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். அரசியலமைப்பு அதைக் காக்கிறது அல்லவா? தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான உறவு அளவில் செல்லாது என்றபோது, தனிமனிதக் கண்ணியம், சமத்துவம், அந்தரங்கம் ஆகியவற்றின் மேல்தான் அந்தத் தீர்ப்பைக் கட்டினார்கள்.

பிறகு எதற்கு இத்தனை ஆராய்ச்சிக் கதை என்றால், அந்தத் தாயின் தலையிலிருந்து பழியை இறக்கி வைக்க. இன்னொன்று, மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையைக் கைவிடச் சொல்ல. இந்த நம்பிக்கை செய்த கேடு கொஞ்சமில்லை. கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் 1952இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதில் பெண் இயக்குநீர் மருந்து ஏற்றப்பட்டார். 1954இல் இறந்தார். மின்சாரம் பாய்ச்சி வெறுப்பூட்டும் சிகிச்சை மேல்நாட்டில் நடந்தது. 1980களில் இந்திய மருத்துவ இதழிலும் அதைப் பற்றிய கட்டுரைகள் வந்தன. என் துறை இதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். மாற்ற முடியும் என்று 2003இல் கட்டுரை எழுதிய ராபர்ட் ஸ்பிட்சர் 2012இல் அது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். தன்பாலீர்ப்பு மனநோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் அறிவித்தது. மாற்றுச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. ஆகவே மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்கும் மருத்துவர் யாராக இருந்தாலும் அவர் விதியை மீறுகிறார்.

நம் பகுதியில் மருத்துவரைவிட அதிகம் நாடும் சிகிச்சை கல்யாணம். “ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்” என்பார்கள். அத்தை மகளோ மாமன் மகனோ ஏற்கெனவே பேசி வைத்த வரனாக இருப்பார். கால்கட்டுப் போடுவது ஒருவருக்கு, கட்டப்படுவது இருவர். தன் கணவன் ஏன் தன்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று தெரியாமல், தனக்குத்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டு வாழும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிள்ளை இல்லை என்ற சொல்லையும் அவளே சுமப்பாள். மனமில்லாத படுக்கைக்கு ஒவ்வொரு இரவும் போகும் பெண் இருக்கிறாள். அதை அவள் யாரிடம் சொல்வாள்? சொந்தத்துக்குள் முடித்த கல்யாணம் முறியும்போது அண்ணன் தங்கை வீடுகள் இரண்டும் பேச்சில்லாமல் போகின்றன. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பிள்ளையைப் பலி கொடுப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவைத் தீர்த்தது. 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். அடித்ததாகவும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததாகவும் அவர் சொன்னார். மகளைத் தோழி கெடுத்துவிட்டாள் என்பது தாயின் வாதம். நான் பெற்றோரிடம் கேட்கும் அதே வாதம். நீதிமன்றம் அந்தத் தாயின் வேதனையைக் கண்டது, வாதத்தை ஏற்கவில்லை. அந்தப் பெண் தான் விரும்பியவரோடு போகலாம் என்றது. தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்ன பிறகும் இது வந்தது.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோவில்பட்டியில் ஒரு லட்சத்தையொட்டி மக்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு என்று குறைத்தே வைத்தாலும் 2,000 பேர். உங்கள் வகுப்பில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாணவரோ மாணவியோ உங்களிடம் வந்து சொன்னால் பெற்றோருக்கு உடனே போன் போடாதீர்கள். வீட்டுக்குத் தெரிவதால் என்ன நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், அவரிடமே கேளுங்கள். அடைத்து வைத்தால், அடித்தால், இலவச வழக்கறிஞர் உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பால்புதுமையரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். 24-சி என்பது அதன் எண், குறித்துக்கொள்ளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம், எந்த நேரமும். பெற்றோருக்கும் அதே எண்தான். பிள்ளை சொன்ன அன்று இரவு தூங்க முடியாத அப்பாவும் அம்மாவும் கூச்சப்படாமல் அழையுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுந்து நின்று கேட்க முடியாதவர்களுக்காக வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம்.